அமெரிக்க நிழலுலகக் கொச்சை: மறைமொழியா, தொழில்மொழியா?

1940, 1950-களில் அமெரிக்கப் பெருநகரங்களின் குற்றவுலகில் புழங்கிய கொச்சைமொழி போலீசாருக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட ரகசிய மொழியா என்பது முதல் கேள்வி. பழைய ஹாலிவுட் படங்களில் ரவுடிகள் பேசுவதுதான் அந்த மொழியா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் என் பதில், பெரும்பாலும் இல்லை என்பதே. அந்தச் சொற்களில் மிகப் பெரும்பகுதி தொழிற்சொற்கள். தச்சுப் பட்டறையில் ஒவ்வோர் உளிக்கும் தனிப்பெயர் இருப்பதுபோல, அங்கே ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வோர் ஆளுக்கும், ஒவ்வோர் ஆபத்துக்கும் பெயர் தேவைப்பட்டது. யார் என்ன வேலை செய்தார்கள், பணம் எப்படிக் கைமாறியது, அதிகாரிகளை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பதையெல்லாம் அந்தப் பெயர்களைக் கொண்டே நாம் அறிய முடிகிறது என்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மறைமொழி என்ற கருத்து ஏன் நிற்காது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நியூயார்க் காவல்துறையின் முதல் தலைவரான ஜார்ஜ் மாட்செல், திருடர்களின் சொற்களைத் தொகுத்து 1859-லேயே ஓர் அகராதியாக வெளியிட்டுவிட்டார். போலீசாரும் திருடர்களும் பல சமயம் ஒரே தெருக்களில் வளர்ந்தவர்கள்; ஒரே நீதிமன்றத் தாழ்வாரங்களில் அன்றாடம் சந்தித்துக்கொண்டவர்கள். ஒரு துப்பறிவாளருக்குப் புரியாத சொல் ஒரு ஜேப்படிக்காரரிடம் அதிக நாள் இருந்திருக்க வழியில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்நியர் முன்னிலையில் இத்தகைய சொற்களைப் பேசுவது தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதாகும். ரயில் பெட்டியில் ஒரு பணக்காரரை வலையில் வீழ்த்த முயலும் ஏமாற்றுக்காரர் வங்கி அதிகாரியைப் போலவோ நிலவணிகரைப் போலவோ பேசியாக வேண்டும். கொச்சை அவர் வாயில் வந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஆகவே அந்தச் சொற்கள் தொழிலாளிகள் தங்களுக்குள் இருக்கும்போதுதான் வெளிப்பட்டன.

இதை முறையாக ஆராய்ந்து நிறுவியவர் லூயிவில் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் டேவிட் மௌரர். தொழில்முறை ஏமாற்றுக்காரர்கள், ஜேப்படிக்காரர்கள், கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைக்கு அடிமையானவர்கள் ஆகியோரிடம் அவர் பல ஆண்டுகள் பழகி, அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார். ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய அவருடைய நூல் 1940-லும், ஜேப்படிக்காரர்களைப் பற்றிய நூல் 1955-லும் வெளிவந்தன. கைத்திறனாலும் பேச்சுத்திறனாலும் பிழைக்கும் 'கிரிஃப்ட்' தொழில்கள், ஆயுதத்தையும் பலத்தையும் நம்பும் 'ஹெவி' தொழில்கள் என்று குற்றவுலகத்தினரே தங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டதை அவர் விளக்கினார். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைத் தங்களுக்குச் சமமாகக் கருதவில்லை. மொழியின் வளமும் முதல் வகையினரிடமே அதிகமாக இருந்தது.

'பிக் கான்' எனப்பட்ட பெரிய ஏமாற்றையே எடுத்துக்கொள்வோம். இதில் ஏமாறப்போகிறவர் 'மார்க்'. அவரைக் கண்டுபிடித்து நட்புக்கொண்டு நகரத்துக்கு அழைத்துவருபவர் 'ரோப்பர்', அதாவது கயிறு வீசிப் பிடிப்பவர். நகரத்தில் காத்திருந்து பெரிய மனிதராக நடித்து ஆட்டத்தை நடத்துபவர் 'இன்சைட் மேன்'. போலிப் பந்தய நிலையமாகவோ போலிப் பங்குத் தரகு அலுவலகமாகவோ மேசை, நாற்காலி, தந்திக் கருவி, குமாஸ்தாக்கள் சகிதம் அமைக்கப்பட்ட இடம் 'பிக் ஸ்டோர்'. அங்கே வாடிக்கையாளர்களைப் போல நடித்து, ஒரே பணக்கட்டுகளைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் 'ஷில்'கள். 'ஒயர்' என்ற ஆட்டத்தில், தந்தி நிறுவன அதிகாரி ஒருவர் குதிரைப் பந்தய முடிவுகளைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தித் தருவார் என்றும், முடிந்துபோன பந்தயத்தில் முடிவைத் தெரிந்துகொண்டே பணம் கட்டலாம் என்றும் மார்க்கை நம்பவைப்பார்கள்.

அடுத்தடுத்த கட்டங்களுக்கும் பெயர்கள் இருந்தன. முதலில் ஒரு சிறு தொகையைக் கட்டவைத்து ஜெயிக்க விடுவது 'கன்வின்சர்'. அவரிடம் மொத்தம் எவ்வளவு பணம் பெயரும் என்பதைப் பேச்சுவாக்கில் அறிந்துகொள்வது 'பிரேக்டவுன்'. அந்தப் பணத்தை எடுத்துவர அவரையே ஊருக்கு அனுப்புவது 'சென்ட்'. ஆசை முற்றிய மனிதர் தன் சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு தானாகவே திரும்பிவருவார் என்ற உறுதியில்தான் இந்தத் தொழிலே நின்றது. பணம் கைமாறியபின் அவரை அங்கிருந்து அகற்றுவது 'புளோ ஆஃப்'. சில சமயம் இன்சைட் மேன் போலித் தோட்டாவால் 'சுடப்பட்டு', கோழி ரத்தம் நிரப்பி வாயில் வைத்திருந்த சிறு பையைக் கடித்து ரத்தம் கக்கி விழுவார். கொலைவழக்கில் தானும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் மார்க் ஊரைவிட்டே ஓடிவிடுவார். அந்தப் பைக்கும் 'காக்கிள் பிளாடர்' என்று ஒரு பெயர் உண்டு.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது 'கூலிங் தி மார்க் அவுட்' என்ற தொடர். பணம் இழந்தவர் போலீசுக்குப் போகாமலிருக்க, கும்பலைச் சேர்ந்த ஒருவர் அவருடன் இருந்து, நடந்ததை ஒரு துரதிருஷ்டமாக ஏற்றுக்கொள்ளும்படி ஆறுதல் சொல்வார். தான் புத்திசாலி என்று நம்பியிருந்த மனிதரின் சுயமரியாதையை ஓரளவு ஒட்டவைத்து வீட்டுக்கு அனுப்பும் வேலை அது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1952-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் தொடரை எடுத்துக்கொண்டு, வேலையிழந்தவர், காதலில் நிராகரிக்கப்பட்டவர், பதவி உயர்வு கிடைக்காதவர் ஆகியோரைச் சமூகம் எப்படிச் சமாதானப்படுத்தி அனுப்புகிறது என்பதை ஆராய்ந்தார். ஏமாற்றுக்காரர்கள் தங்கள் தொழிலின் ஒரு கட்டத்துக்கு இட்ட பெயர் ஒரு சமூகவியல் கருத்தாக்கமாயிற்று. வெறும் ரகசியக் குறியீடாக இருந்த ஒரு சொல்லுக்கு இப்படிப்பட்ட ஆயுள் அமைந்திருக்காது.

ஜேப்படிக்காரர்களின் மொழி இதைவிட நுணுக்கமானது. தனியாக வேலை செய்பவர்கள் உண்டென்றாலும், தேர்ந்தவர்கள் 'விஸ் மாப்' என்ற சிறு குழுவாகவே இயங்கினார்கள். ஆளை நெருக்கி, திருப்பி, தேவையான இடத்தில் தேவையான கோணத்தில் நிற்கவைப்பவர் 'ஸ்டால்'. பணப்பையை உருவுபவர் 'டூல்' அல்லது 'ஒயர்'. பை எங்கே இருக்கிறது என்று விரல்கள் படாததுபோல் தடவிப் பார்ப்பது 'ஃபேன்'. கால்சட்டையின் பக்கப் பைக்கு ஒரு பெயர், பின்பைக்கு 'பிராட்' என்று ஒரு பெயர், கோட்டின் உட்பைக்கு 'பிட்' என்று ஒரு பெயர். ஆழமான பையில் கைவிடாமல் அதன் துணியையே விரல்களுக்கிடையே மடித்து மடித்துப் பணப்பையை மேலே கொண்டுவருவதற்கு, கப்பலோட்டிகள் பாயைச் சுருக்குவதற்குச் சொல்லும் 'ரீஃப்' என்ற சொல்லையே வைத்திருந்தார்கள். நெரிசலில், ஓரிரு நொடிகளில், மூன்று நான்கு பேர் ஒருங்கிணைந்து செய்யவேண்டிய வேலை இது. எந்தப் பை, எந்தப் பக்கம் என்பதை ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாவிட்டால் வேலையே நடக்காது.

அதே தொழிலில் 'ஃபால்' என்றால் கைது. கைதாகும் நாளுக்காகக் குழு பொதுவில் ஒதுக்கிவைக்கும் தொகை 'ஃபால் டோ'. வழக்கறிஞருக்கும் ஜாமீனுக்கும் மாமூலுக்கும் அது பயன்படும். பறிகொடுத்தவரின் புகார் 'பீஃப்'. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோ வேறு வழியிலோ அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு 'ஃபிக்ஸ்'. அதைச் செய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர் 'ஃபிக்ஸர்'. 1922-ல் கொலராடோவின் டென்வர் நகரில் அரசு வழக்கறிஞர் ஃபிலிப் வான் சைஸ் சிறைப்பிடித்த லூ பிளாங்கர் என்பவர், அந்நகரில் ஏமாற்றுக் கும்பல்களுக்கு நெடுங்காலம் இந்தப் பாதுகாப்பை ஏற்பாடு செய்து கொடுத்தவர். ஃபிக்ஸ் என்ற சொல் இவ்வளவு சகஜமாகப் புழங்கியதென்றால், அதிகாரிகளில் ஒரு பகுதியினரும் அந்த மொழியைப் புரிந்துகொண்டு பேரம் பேசியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? மறைமொழிக் கொள்கைக்கு எதிரான மிக வலுவான சான்று இதுவென்று நான் கருதுகிறேன்.

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், நகரத்தின் குடியேற்ற வரலாறே தெரியும். பழைய இங்கிலாந்துத் திருடர்மொழி ஓர் அடித்தளம். அதன்மேல் ஊர் ஊராகச் சரக்கு ரயிலேறித் திரிந்த நாடோடித் தொழிலாளர்களின் பேச்சு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ், இத்தாலியரின் தென்பகுதி வழக்குகள், தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் ஆங்கிலம் ஆகியவை படிந்தன. கந்துவட்டிக்காரர் வசூலிக்கும் வட்டியையும் சூதாட்டத் தரகரின் பங்கையும் குறித்த 'விகரிஷ்' ரஷ்ய மொழியில் வெற்றித்தொகையைக் குறிக்கும் சொல். இத்திஷ் வழியாக வந்தது. இத்திஷில் திருடனைக் குறிக்கும் 'கானிஃப்' என்ற சொல் குறுகி 'கன்' ஆகி ஜேப்படிக்காரரைக் குறித்தது. அந்தக் கன் துப்பாக்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் ஒன்றிவிட்டதால், அதைப் பெரிதாக்கி 'கேனன்', அதாவது பீரங்கி, என்று தேர்ந்த ஜேப்படிக்காரரை அழைத்தார்கள். 'கன் மால்' என்றால் துப்பாக்கிக் கும்பல்காரனின் காதலி என்று பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது பெண் ஜேப்படிக்காரரையே குறித்தது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920-களில் வேரூன்றிய 'நம்பர்ஸ்' சூதாட்டத்துக்கும் தனி மொழி இருந்தது. மூன்று இலக்க எண் ஒன்றின்மீது ஒரு சென்ட்கூடக் கட்டலாம். ஜெயிக்கும் எண் முதலில் வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் தீர்வகம் நாள்தோறும் வெளியிட்ட தொகைகளிலிருந்தும், பின்னர் குதிரைப் பந்தய மைதானங்களின் மொத்தப் பந்தயத் தொகைகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஆயிரம் எண்களில் ஒன்று ஜெயிக்கும். ஆனால் பொதுவாக ஒன்றுக்கு 600 மடங்குதான் கிடைக்கும். இடைவெளி 'பாங்க்' நடத்தியவருக்கும், 'கன்ட்ரோலர்', 'ரன்னர்' என்ற படிநிலைகளுக்கும் போயிற்று. எண் விழுந்தால் அது 'ஹிட்'. கனவில் கண்ட பொருளுக்கு எந்த எண் என்று சொல்லும் 'ட்ரீம் புக்' எனும் சிறு நூல்களும் மலிவாக விற்றன. காஸ்பர் ஹோல்ஸ்டீன், ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் ஆகிய கரீபியன் வம்சாவளியினர் இதன் பெரும் முதலாளிகளாக இருந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் டச் ஷுல்ட்ஸ் என்ற கும்பல் தலைவர் இதை வன்முறையால் கைப்பற்றினார். அதிகமானோர் கட்டிய எண் விழாதபடி பந்தய மைதானத் தொகையையே மாற்றிவிட, 'அபாடாபா' என்ற பட்டப்பெயருடைய ஆட்டோ பெர்மன் என்ற கணக்குப் புலியை அவர் வைத்திருந்தார். இருவரும் 1935 அக்டோபரில் நூவர்க்கில் சுடப்பட்டு இறந்தார்கள். நம்பர்ஸ் ஒழியவில்லை. ஹார்லெமின் சாதாரண மக்களுக்கு அது குற்றமாகவே படவில்லை. ரன்னர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தார். இங்கும் மறைக்க ஒன்றுமில்லை. தெருவே பேசிய மொழி இது.

ஹார்லெமின் பேச்சு இசைக்கலைஞர்கள் வழியாகவும் வெளியே பரவியது. பாடகர் கேப் காலவே 1938-ல் இச்சொற்களுக்குச் சிறு அகராதியே வெளியிட்டார். பத்திரிகையாளர் டான் பர்லி 1944-ல் ஒரு கையேடு எழுதினார். 'ஹஸ்லர்' என்ற சொல், வேலை என்று ஒன்றில்லாமல் தந்திரத்தாலும் அலைச்சலாலும் அன்றாடம் பணம் பார்ப்பவரைக் குறித்தது. அவர் பார்வையில் சம்பளத்துக்கு வேலைசெய்பவர் 'ஸ்கொயர்'. 1940-களில் 'டெட்ராய்ட் ரெட்' என்ற பெயரில் ஹார்லெமில் திரிந்த இளைஞர், பின்னாளில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்தவர், இந்த மொழியில் தேர்ந்தவர். திருட்டு வழக்கில் 1946-ல் சிறைக்குச் சென்றபின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் தலைவர் எலைஜா முகம்மதுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, தெருவில் யாரையும் பேசி மடக்கத் தெரிந்த தனக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக எழுத வரவில்லை என்று கண்டு அவர் வெட்கப்பட்டார். அதன்பிறகுதான் சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிப் படித்தார். இந்த மொழியைக் கொண்டாடுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியையும் நினைவில் கொள்ள வேண்டும். தொழிலுக்குள் அது மிகக் கூர்மையான கருவி. தொழிலை விட்டு வெளியேற விரும்பியவருக்கு அது வழித்துணையாகவில்லை.

மறைமொழி என்ற கருத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கவேண்டியது போதைமருந்து உலகில்தான். 1914-ன் ஹாரிசன் சட்டம் தொடங்கி, கட்டாயச் சிறைத்தண்டனையை விதித்த 1951-ன் பாக்ஸ் சட்டம், அதை மேலும் கடுமையாக்கிய 1956-ன் சட்டம் என்று பிடி இறுகிக்கொண்டே வந்தது. வாங்குபவர்போல் வேடமிட்டு வரும் அதிகாரிகளும், தண்டனைக் குறைப்புக்காக ஆளைக் காட்டிக்கொடுப்பவர்களும் தெருவில் நிறைந்திருந்தார்கள். ஆகவே சொற்களும் வேகமாக மாறின. ஹெராயின் 'ஜங்க்', 'ஹார்ஸ்', 'ஸ்மாக்' என்று பல பெயர்களைப் பெற்றது. பழைய பெயரைச் சொல்லிக் கேட்பவர் மீது சந்தேகம் விழும். தன் போதை அனுபவத்தை 1953-ல் புனைபெயரில் எழுதி வெளியிட்ட வில்லியம் பரோஸ், நூலின் இறுதியில் சொற்பட்டியல் ஒன்றைச் சேர்த்துவிட்டு, இவற்றின் பொருள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் முடிவான பட்டியல் எதையும் தரமுடியாது என்று எச்சரித்திருந்தார்.

ஆயினும் அந்த உலகத்தின் நிலைத்த சொற்கள் மறைப்புக்காகப் பிறந்தவை அல்ல; அவை உடலின் வேதனையிலிருந்து பிறந்தவை. முதுகில் ஏறி இறங்க மறுக்கும் குரங்கு என்று அடிமைத்தனத்தைச் சொன்னார்கள். மருந்தின்றித் திடீரென நிறுத்தும் சித்திரவதை 'கோல்ட் டர்க்கி'. மருந்துக்குப் பதில் வேறெதையோ விற்று ஏமாற்றுவது 'பர்ன்'. காட்டிக்கொடுத்தவருக்குத் திட்டமிட்டுத் தரப்படும் உயிர்கொல்லி ஊசி 'ஹாட் ஷாட்'. 'தி மேன்' என்பது மருந்து தருபவரையும் குறித்தது, பிடிக்கவரும் போலீசாரையும் குறித்தது. அடிமையானவரின் நாளில் இருவருக்கும் இருந்த அதிகாரம் ஏறக்குறைய ஒன்றுதான். கென்டக்கியின் லெக்சிங்டனில் 1935-ல் திறக்கப்பட்ட கூட்டாட்சி அரசின் போதை மருத்துவமனையில், கைதிகளும் தாமாக வந்து சேர்ந்தவர்களும் நாட்டின் பல நகரங்களிலிருந்தும் வந்து ஒன்றாகத் தங்கினார்கள். நகரத்துக்கு நகரம் வேறுபட்ட சொற்கள் கலந்து பரவ அதுவே ஒரு முக்கிய இடமாயிற்று. சாக்சஃபோன் கலைஞர் சானி ராலின்ஸ் உட்படப் பல ஜாஸ் கலைஞர்கள் அங்கே சிகிச்சை பெற்றவர்கள்.

கொலைத்தொழிலின் சொற்கள் பொதுமக்களை எட்டியது நீதிமன்றத்தின் வழியாக. 1940-ல் புரூக்ளினைச் சேர்ந்த ஏப் ரெலஸ் அப்ரூவராக மாறி, கும்பல்களுக்காகக் கூலிக்குக் கொலைசெய்த குழுவைப் பற்றி அரசு வழக்கறிஞர்களிடம் சொல்லத் தொடங்கினார். ஒரு கொலையை ஒப்படைப்பதற்கு அவர்கள் 'கான்ட்ராக்ட்' என்றார்கள், கொலை 'ஹிட்'. நம்பர்ஸில் அதிர்ஷ்டத்தைக் குறித்த அதே சொல். இந்த வணிகத் தொனியைப் பத்திரிகைகள் திகைப்போடு அச்சிட்டன; 'மர்டர் இன்க்' என்ற பெயர் பத்திரிகைகள் சூட்டியது, குழுவினர் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. ரெலஸ் 1941 நவம்பர் 12 அன்று, போலீஸ் காவலில் இருந்த கோனி தீவு விடுதியின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். காட்டிக்கொடுப்பதைப் 'பாடுவது' என்றும் காட்டிக்கொடுப்பவரைக் 'கேனரி' என்றும் சொல்வது வழக்கம். பாடத் தெரிந்த கேனரிக்குப் பறக்கத் தெரியவில்லை என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர் சாட்சியத்தால் பலர் மின்நாற்காலிக்குச் சென்றார்கள்.

1963-ல் செனட் குழு முன் கும்பல் உறுப்பினர் ஜோசப் வலாச்சி சாட்சி சொன்னபோதும் இதேபோல் ஒன்று நடந்தது. இத்தாலிய அமெரிக்கக் கும்பல்களின் உறுப்பினர்கள் தங்களுக்குள் 'நம்முடைய காரியம்' என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்லிவந்த 'கோசா நோஸ்ட்ரா' என்ற தொடரை அதிகாரிகள் ஓர் அமைப்பின் முறையான பெயராக எடுத்துக்கொண்டார்கள், எஃப்.பி.ஐ. அதன்முன் 'லா' சேர்த்து, மூன்றெழுத்துச் சுருக்கமாகத் தன் கோப்புகளில் எழுதியது.

இனி திரைப்படங்கள். அவற்றின் உரையாடல்களில் உண்மையான சொற்கள் இருக்கின்றன. ஆனால் தணிக்கை விதிகள் பாலியல், போதை சார்ந்த பெரும்பகுதியை வடிகட்டிவிட்டன. எஞ்சிய சொற்களைப் பாத்திரங்கள் அந்நியர் முன்னிலையிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் பேசுகின்றன. உண்மையில் அப்படிப் பேசியவர் ஒரு வாரம்கூடத் தொழிலில் நீடித்திருக்கமாட்டார். 'கன்சல்' என்ற சொல் இதற்கு நல்ல சான்று. அது இத்திஷில் வாத்துக்குஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்து, நாடோடிகளிடையே மூத்தவர் ஒருவர் தன் பாலியல் துணையாக வைத்திருக்கும் இளைஞனைக் குறித்தது. முன்னாள் துப்பறிவாளரான டாஷியல் ஹாமட், 1929-ல் ஓர் இதழில் தொடராக வந்த தன் நாவலில் ஓர் இளம் அடியாளைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். ஆபாசச் சொற்களை வெட்டும் இதழாசிரியர் அதைத் துப்பாக்கியோடு தொடர்புடைய சொல் என்று நினைத்து விட்டுவிட்டார் என்று அவருடைய சக எழுத்தாளர் ஏர்ல் ஸ்டான்லி கார்டனர் பின்னாளில் எழுதினார். நாவலின் 1941 திரைப்படத்திலும் சொல் அப்படியே இடம்பெற்றது, தணிக்கையாளர்களும் கவனிக்கவில்லை. படம் பார்த்தவர்கள் துப்பாக்கி ஏந்திய அடியாள் என்று பொருள் கொண்டார்கள். மற்ற குற்றக்கதை எழுத்தாளர்களும் அந்தப் பொருளிலேயே எழுதத் தொடங்கினார்கள். இன்று ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல்லுக்கு அடியாள் என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது.